பெயரில்லாத பதக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ‘1914’, ‘1918’ என்று பொறித்த சிலுவை வடிவப் பதக்கம், ‘ஏ.ஆர்.பி.’ (விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை) என்ற எழுத்துகளுடன் சிறிய வெள்ளி பேட்ஜ், ஆரஞ்சும் பச்சையுமான நாடாவில் இன்னொரு பதக்கம். சிலுவை தொங்கும் இடத்தில் மூலைமட்டமும் கவராயமும் இருக்கின்றன. முதல் உலகப்போரில் சண்டையிட்ட ஒரு ஃப்ரீமேசன் (ஒரு பழைய சகோதரத்துவச் சங்கத்தின் உறுப்பினர்; மூலைமட்டமும் கவராயமும் அவர்கள் சின்னம்), இரண்டாம் போரில் வார்டனாக (குண்டுவீச்சின்போது தெருவைக் கண்காணிப்பவர்) இருந்து குண்டுகளை அணைத்தார் என்று வைத்து அவர் வாழ்க்கையை எழுத ஆசை. சரியாக வருமா? எங்கே தேடுவது?

ம.

அன்புள்ள ம.,

முதல் போரை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். அந்தச் சிலுவை போர்ப்பதக்கம் அல்ல, நன்கொடைப் பதக்கம். போரில் இறந்த ஃப்ரீமேசன்களின் நினைவாக அவர்களின் தலைமை அமைப்பான இங்கிலாந்து ஐக்கிய கிராண்ட் லாட்ஜ், லண்டன் கிரேட் குயின் தெருவில் ஒரு மாளிகை கட்டியது. 1927இல் தொடங்கிய கட்டடம் 1933இல் திறக்கப்பட்டது. அங்குள்ள நினைவேட்டில் 3,225 பெயர்கள். இதற்காகத் திரட்டிய நிதிக்கு 10 கினியோ அதற்கு மேலோ கொடுத்தவர்களுக்கு வழங்கியதுதான் உங்கள் கையிலிருக்கும் ‘ஹால் ஸ்டோன்’ பதக்கம். ஆண்டுகள் இறந்தவர்களைக் குறிக்கின்றன. அணிந்தவர் துப்பாக்கியைத் தொட்டே இராதவராகவும் இருக்கலாம்.

10 கினி என்றால் 10 பவுன் 10 ஷில்லிங். 1939இல் முழுநேர ஆண் வார்டனின் வாரச் சம்பளமே 3 பவுன்தான் (பெண்களுக்கு 2). ஆகவே உங்கள் மனிதர் ஓரளவு வசதியானவர். பெரும்பாலான வார்டன்களைப் போலச் சம்பளமில்லாத பகுதிநேரத் தொண்டராகவே இருந்திருப்பார்.

சிலுவையின் பின்புறத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். பெரும்பாலும் பெயரும் லாட்ஜ் (அவர் சேர்ந்திருந்த கிளை) எண்ணும் பொறித்திருக்கும். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். ஆழமில்லாத எழுத்து தேய்ந்துவிட்டால் உங்கள் தேடலும் அதோடு போயிற்று.

ஆரஞ்சு, பச்சை நாடாவில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இரண்டு இருந்தால் அது டிஃபென்ஸ் மெடல். ஆரஞ்சு எரியும் தீயை, பச்சை நாட்டின் நிலத்தை, கறுப்பு இருட்டடிப்பைக் குறிக்கும். உள்நாட்டில் மூன்றாண்டு பணிக்குக் கொடுத்தார்கள். பெயர் பொறிக்காமலே வழங்கியது. வார்டன்களுக்கு மட்டுமல்ல, ஹோம் கார்டு (உள்நாட்டுத் தொண்டர் படை), தீயணைப்புப் படையினருக்கும் இதேதான். எனவே தனியாக இதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

வெள்ளி பேட்ஜில்தான் சுவாரசியம். அதிலுள்ள ஹால்மார்க் (வெள்ளியின் தர முத்திரை) எழுத்து செய்த ஆண்டைச் சொல்லும், கொடுத்த ஆண்டை அல்ல. அதைவிட முக்கியம் பின்பக்கம். கோட்டுப் பொத்தான் துளையில் மாட்டும் பிறைவடிவக் கொக்கி இருந்தால் ஆணுக்குக் கொடுத்தது. ஊசி இருந்தால் பெண்ணுக்கு. அந்த லாட்ஜ்களில் பெண்களுக்கு இடமில்லை. ஊசி இருந்தால் பெட்டியில் இருப்பது இரண்டு பேருடைய பொருட்கள். வார்டன் அவர் மனைவியாகவோ மகளாகவோ இருக்கலாம். எழுதத் தொடங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

‘குண்டுகளை அணைத்தார்’ என்பதும் பாதி உண்மைதான். வார்டனின் முதல் வேலை தகவல் அனுப்புவது. குண்டு விழுந்ததும் அச்சிட்ட படிவத்தின் வரிசைப்படி செய்தி போகவேண்டும்: இடம், குண்டின் வகை, காயமுற்றோர் தோராயமாக எத்தனை பேர், இடிபாட்டில் யாரும் சிக்கியிருக்கிறார்களா, தீ உண்டா, தண்ணீர், காஸ், மின்கம்பி, சாக்கடைச் சேதம், அடைபட்ட தெருக்கள், வெடிக்காத குண்டு, நேரம். எண்ணிக்கை தோராயமாகவே போதும். எல்லாவற்றையும் துல்லியமாகத் தெரிந்துகொண்டு அனுப்பலாம் என்று நின்றால் மீட்புக்குழு தாமதமாகும். ஒரே குண்டை இரண்டு வார்டன்கள் இரண்டு தெருப்பெயரில் சொன்னால் வண்டிகள் வீணாகப் பிரியும். தொலைபேசி அறுந்தால் சைக்கிளில் பையன்கள் செய்தி கொண்டுபோவார்கள்.

தீக்குண்டு என்றால் ஸ்டிரப் பம்ப், காலால் மிதித்துப் பிடித்துக் கையால் அடிக்கும் சிறு பம்ப். ஒருவர் பம்ப் அடிக்க, ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவர, மூன்றாமவர் 30 அடிக் குழாயின் முனையோடு தரையில் படுத்து நெருங்குவார். ஒரு கிலோ எடையுள்ள மக்னீசியக் குண்டின் மேல் பாய்ச்சல் நீரை அடித்தால் எரியும் உலோகம் நாலாபுறமும் தெறிக்கும். குண்டுக்குத் தூறல், அதைச் சுற்றிப் பற்றிய தீக்குத்தான் பாய்ச்சல். தூறல் குண்டை அணைப்பதில்லை, வேகமாக எரித்துத் தீர்க்கிறது. பின்னாளில் சிலவற்றில் வெடிமருந்தும் வைத்தார்கள். அதனால் சுவர் மறைவிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

லாட்ஜின் சகோதரத்துவ உறுதிமொழிதான் அவரை வார்டனாக்கியது என்று எழுதத் தோன்றும். ஆதாரம் கிடைக்காமல் எழுதாதீர்கள். வயது அதைவிட எளிய காரணம். 1939 செப்டம்பரில் படைக்கு அழைத்தது 18 முதல் 41 வரை. அதைத் தாண்டியவர்களும் தொழில் காரணமாக விலக்குப் பெற்றவர்களும் வார்டன் பணிக்கு வந்தார்கள். லாட்ஜ்களிலும் நடுத்தர வயதினர் நிறைய. போர் தொடங்கியதும் லாட்ஜ் கூட்டங்கள் நிறுத்தப்பட்டன. சில வாரங்களில் மீண்டும் அனுமதி கிடைத்தது, ஆனால் இருட்டடிப்புக்கு முன்பே முடியும்படி பகலில் கூடினார்கள். இரவுப்பணியும் லாட்ஜும் மோதிக்கொண்டதாக ஒரு நாடகக் காட்சி வைத்தால் எடுபடாது.

தேடல் பெயரிலிருந்து தொடங்கட்டும். 1921 வரையிலான உறுப்பினர் பதிவேடுகள் ‘ஆன்செஸ்ட்ரி’ என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் உள்ளன. வயது, தொழில், ஊர், லாட்ஜின் மூன்று படிநிலைகளை எட்டிய தேதிகள் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் அதே மாளிகையிலுள்ள ஃப்ரீமேசன் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். அடுத்து 29 செப்டம்பர் 1939 அன்று எடுத்த தேசியப் பதிவேடு. பிறந்த தேதி, தொழில், முகவரி இருக்கும். வலப்பக்க ஓரத்தில் பல பெயர்களுக்கு ஏ.ஆர்.பி. பணி குறித்திருக்கும். குறிப்பு இல்லாததால் வார்டன் அல்ல என்று முடிவு கட்டவேண்டாம், அடுத்த ஆண்டு சேர்ந்திருக்கலாம். இரண்டு பதிவேடுகளிலும் ஒரே ஆள்தானா என்று பார்க்க வயதையும் தொழிலையும் ஒப்பிடுங்கள். முகவரி மாறியிருக்கும்.

வார்டன்களின் பணி அட்டைகள் மைய இடம் எதிலும் இல்லை. பகுதி நகராட்சி ஆவணக்காப்பகத்தில் கேளுங்கள், பல அழிந்துவிட்டன. பணியில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பொதுமக்கள் பட்டியலில் பெயர் இருக்கும். தெருவில் எங்கெங்கே குண்டு விழுந்தது என்பதற்குக் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் குண்டு வரைபடங்களைப் பாருங்கள். உங்கள் வீட்டு முகவரியை மட்டும் கடைசியாகத் தேடுங்கள். பெட்டியைப் பரணில் விட்டுப்போனவர் பின்னால் குடிவந்தவராகவும் இருக்கலாம்.