சட்ட இதழில் இடம்: ஒரு மாணவியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் தேவகோட்டையைச் சேர்ந்தவள். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, இப்போது ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயில்கிறேன். மாணவர்களே நடத்தும் எங்கள் சட்ட இதழின் ஆசிரியர் குழுவுக்கு விரைவில் ஆளெடுக்க இருக்கிறார்கள். நல்ல மதிப்பெண்ணும் சரளமான ஆங்கிலமும் உள்ளவர்களுக்கே இடம் என்று விடுதியில் பேசிக்கொள்கிறார்கள். நான் விண்ணப்பிக்கலாமா? அமெரிக்காவில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தயங்காமல் விண்ணப்பியுங்கள். விடுதிப் பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான். 1887இல் தொடங்கிய, ஹார்வர்டு சட்டக் கல்லூரி மாணவர்களின் இதழான ஹார்வர்டு லா ரிவ்யூவில் நெடுங்காலம் முதலாண்டு மதிப்பெண்ணே வாசலாக இருந்தது. இன்று அமெரிக்காவின் பெரும்பாலான இதழ்கள், முதலாண்டுத் தேர்வுகள் முடியும் தறுவாயில் ஓர் எழுத்துப் போட்டி வைத்து, அதை மட்டுமோ, கல்லூரி மதிப்பெண்ணோடு சேர்த்தோ பார்க்கின்றன. ஒரு தீர்ப்பு, அதற்குரிய சட்டப் பிரிவுகள், முந்தைய வழக்குகள், சில கட்டுரைகள் எல்லாம் அடங்கிய ஒரு தாள்கட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு வெளியே எதையும் தேடக் கூடாது, எவரிடமும் கேட்கக் கூடாது. குறித்த நாட்களுக்குள் தீர்ப்பைப் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு எழுதுவதோடு, பிழை மலிந்த ஒரு கட்டுரைப் பகுதியைத் திருத்தியும் தர வேண்டும். விடைத்தாளில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். நம் நாட்டு இதழ்களில் முறை இடத்துக்கு இடம் மாறினாலும், திருத்தத் தேர்வு பல இதழ்களில் உண்டு. சில இடங்களில் நேர்காணலும் இருக்கும்.

பலர் அலட்சியம் செய்யும் அந்தத் திருத்தப் பகுதியில்தான் உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ‘நெருக்கடி நிலையிலும் சட்டத்தின் அனுமதியின்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க முடியாது என்று 1976இல் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது’ என்று ஒரு வரி இருக்கிறது. அடிக்குறிப்பில் வழக்கின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் முறையாக உள்ளன. அந்தப் பக்கத்தைப் புரட்டினால் அதே கருத்தும் இருக்கிறது. ஆனால் அது நீதிபதி எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பு. மற்ற நால்வரும் அதற்கு நேரெதிராகச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எத்தனை தேர்ந்தவரும் காற்புள்ளியைத் திருத்திவிட்டு இதைத் தாண்டிப் போகக்கூடும். மூலத்தைத் திறந்து, பேசுபவர் யார் என்று பார்ப்பவர் மட்டுமே பிடிப்பார்.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இதைச் சுலபமாக விளங்கிக்கொள்வீர்கள். என் பாட்டனார் பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகே மேலாளானவர். தொடக்கத்தில் அவருக்குக் கொடுத்த வேலை, பேரேட்டில் உள்ள ஒவ்வொரு பற்றையும் வரவையும் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்து, சரியானதன் அருகே ஒரு புள்ளி வைப்பது. சட்ட இதழிலும் புதிதாகச் சேர்பவருக்கு அடிக்குறிப்பை மூலத்தோடு ஒத்துப் பார்க்கும் வேலையே முதலில் வரும். எந்தக் கட்டுரையை ஏற்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு அதன்பிறகுதான்.

விமர்சனக் குறிப்புக்கு ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அலங்காரம் வேண்டாம். சிறு வாக்கியங்கள் போதும். தீர்ப்பின் கதையைச் சொல்வதிலேயே பக்கங்களைச் செலவழிக்காமல், அதில் நீங்கள் ஏற்காத ஒரே ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டு, கட்டில் உள்ள வழக்குகளைக் கொண்டே அது ஏன் நிற்காது என்று காட்டுங்கள். உங்கள் வாதத்துக்கு எதிரான வழக்கும் அந்தக் கட்டிலேயே இருக்கும். அதை ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

மேற்கோள் முறைக்கு உங்கள் இதழ் எந்தக் கையேட்டைப் பின்பற்றுகிறது என்று முதலில் விசாரியுங்கள். 1926இல் வெளிவந்து இன்றும் திருத்தப்பட்டு வரும் ப்ளூபுக்காக இருந்தால், மனப்பாடம் செய்ய முனைய வேண்டாம். எந்த விதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இன்றே உங்கள் இதழின் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, முதல் பத்து அடிக்குறிப்புகளை மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.