கணினி கேள்வி பதில்: கிராபிக்ஸ் கார்டு விலை கையைச் சுடும்போது

கேள்வி: மகனின் கணினியில் ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு (6 ஜிபி), 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருக்கிறது. மானிட்டர் 1080பி. புதிய கேம்கள் திக்கித் திணறுகின்றன. புதுக் கார்டுக்குக் கடையில் சொன்ன விலை என் அரை மாதச் சம்பளம். கார்டை மாற்றாமல் வழி உண்டா?
(வாசகர், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: உண்டு. நீங்கள் எழுதியதில் எங்கள் கண்ணை உறுத்துவது அந்த ஒற்றை ரேம் குச்சிதான். எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேம் ஓடும்போது எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் மூலம் கார்டின் உழைப்புச் சதவீதத்தைத் திரையில் காட்ட வையுங்கள். 97, 98 என்று நின்றால் கார்டுதான் மூச்சு முட்டுகிறது. 60, 70 என்று ஏறி இறங்கினால் கார்டு சும்மா காத்திருக்கிறது, பிராசசரோ ரேமோ பின்தங்குகிறது. ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: ஃபிரேம் எண்ணிக்கை ஏறவில்லையென்றால் புதுக் கார்டு வாங்கினாலும் அதே திணறல்தான்.

ஒரே குச்சி என்றால் ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே ஒரு பாதைதான். ஜோடியாகப் போட்டால் இரண்டு பாதை. ரைசனுக்கு இது பெரிய வித்தியாசம். தவிர, 8 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் பாதியைத் தின்றுவிடும். மிச்சம் போதாமல் டிஸ்க்கிலிருந்து இழுக்கும்போதுதான் படம் நின்று நின்று வருகிறது. ஆகவே 8 ஜிபி குச்சி இரண்டு. இப்போது ரேம் விலையும் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் டிடிஆர்4 (உங்கள் மதர்போர்டுக்கான ரேம் வகை) பழையதாக வாங்கினால் பெரிய ஆபத்தில்லை. வாங்கியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டி, ஒரு பிழைகூட இல்லை என்று பார்த்துவிட வேண்டும். மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். பிறகு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்க வேண்டும். இயக்காவிட்டால் 3200 என்று எழுதிய ரேமும் 2133 அல்லது 2400 வேகத்தில் நடக்கும். பலர் வருடக்கணக்கில் இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது பிராசசர். உங்கள் மதர்போர்டிலேயே ரைசன் 5 5600 உட்காரும். அதுவும் 65 வாட் என்பதால் பழைய கூலரே போதும். வரிசை முக்கியம்: பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்து, பிறகுதான் மாற்ற வேண்டும். புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டு பிணமாகிவிடும். மின்வெட்டு இருக்காத நேரம் பார்த்து உட்காருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) இருந்தால் முதலில் நிறுத்தி வைத்து, மீட்புச் சாவியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிராசசர் மாறியதும் டிபிஎம்மை (அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் பகுதி) அழிக்கவா என்று பயாஸ் கேட்கும். சாவி இல்லாமல் சரி என்று சொன்னால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும்.

கூலரைக் கழற்றும்போது ஒரு விபத்து சகஜம்: காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து பிடுங்கி வந்து, பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகு தூக்கினால் வராது.

இத்தனைக்குப் பிறகும் கார்டு 98இல் நின்றால், கேம் அமைப்பில் எஃப்எஸ்ஆர் குவாலிட்டி போடுங்கள். அது 1080பி படத்தை 720பியில் வரைந்து பெரிதாக்கும், 1060இலும் வேலை செய்யும். 1060 வரிசைக்கு கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அதனால் கார்டை ஒருநாள் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவசரமில்லை. 2600ஐ வைத்துக்கொண்டு இன்டெல் ஆர்க் கார்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கார்டின் மெமரி முழுதையும் பிராசசர் ஒரேயடியாக எட்டும் வசதி (ரீசைசபிள் பார்) இல்லாமல் ஆர்க் படுத்துவிடும்.

கேள்வி: ஒருவர் ஆர்எக்ஸ் 580 விற்கிறார், இன்னொருவர் ஆர்எக்ஸ் 6600. இரண்டும் பழசு. "மைனிங் செய்யவே இல்லை" என்று இருவரும் சத்தியம் செய்கிறார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: சத்தியத்தை ஓரமாக வையுங்கள். மைனிங் (கிரிப்டோ நாணயத்துக்காக இரவு பகலாக ஓட்டுவது) செய்த கார்டு என்பதாலேயே கெட்டுப் போனதாக அர்த்தமில்லை. தேய்வது ஃபேனின் பேரிங்கும், காய்வது சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேடும்தான். பயப்பட வேண்டியது கார்டின் பயாஸை மாற்றியிருந்தால். மெமரி வேகத்தைத் திருத்தி வைத்திருப்பார்கள், கேமில் படம் சிதறும்.

கணினியில் ஓடுவதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்ததும் 580இல் ஷேடர் (கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் பெயர்தான் 580, உள்ளே 570. கார்டின் பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு கனமான கேம் ஒன்றை 20 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் எதுவும் தெரியாது, சூடேறிய பிறகுதான் நோய் வெளியே வரும். வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் பெரும்பாலும் மெமரி போய்விட்டது, அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. 6600இல் பொது வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சுடும் இடம்) வெப்பத்துக்கும் வித்தியாசம் 15, 20 டிகிரி வரை சரி. 30ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. அது கெட்ட செய்தி இல்லை, விலை குறைக்கச் சொல்லக் காரணம். நீங்களே பிரித்தால் பேடின் தடிமனை அளந்து அதே அளவில் போட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் கூலர் சிப்பில் முழுதாகப் படியாது.

டர்பன் கடற்கரைப் பக்கம் இருந்த கார்டென்றால் பின்பக்கத் தகட்டையும் திருகுகளையும் பாருங்கள். உப்புக்காற்றுத் துரு வெளியே இருந்தால் உள்ளேயும் இருக்கும். ஸ்லாட்டில் செருகும் தங்க நிற விளிம்பில் இருக்கும் மங்கலை மட்டும் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும். டிஸ்ப்ளே துளைகள் ஒவ்வொன்றிலும் கேபிளைச் செருகிப் பார்க்க மறக்க வேண்டாம்.

இரண்டில் எங்கள் தேர்வு 6600தான். 580 குடிப்பது 185 வாட், 6600க்கு 132 வாட் போதும். 450 வாட் நல்ல பவர் சப்ளையில் ஓடும். டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா முனையிலிருந்து கார்டின் 8 பின்னுக்கு மாற்றும் சின்ன ஒயர் இனாமாகக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்டில் தாங்குவது 54 வாட், 8 பின் 150 வாட் கேட்கும். ஒயர் உருகும்.

கடையில் வாங்கினால் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தரக் குறைவுக்கு ஆறு மாத உத்தரவாதம் உண்டு. தனிநபர் தன் பழைய கார்டை விற்றால் அது கிடையாது. விலை பேசும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒல்லியான டெல் கணினி மலிவாகக் கிடைக்கிறது. கார்டு போட்டுக் கேமுக்கு ஆகுமா?
(வாசகர், டொங்காட்)

பதில்: ஓரளவுக்கு. அந்த ஒல்லிப் பெட்டிகளின் பவர் சப்ளை 200 வாட் அளவில்தான் இருக்கும். அளவும் முனையும் தனி என்பதால் மாற்றவும் முடியாது. ஸ்லாட் தருவது 75 வாட், அதற்குள் அடங்கும் குட்டைக் கார்டுதான் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 குட்டை வகை பொருந்தும். ஆர்எக்ஸ் 6400உம் பொருந்தும்தான், ஆனால் மதர்போர்டோடு பேச அதற்கு நான்கு பாதைகள்தான், பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள போர்டில் கணிசமாகத் தளரும். முடிந்தால் ஒல்லியை விட்டுவிட்டு டவர் பெட்டியைத் தேடுங்கள்.

கேள்வி: 650 விஏ யூபிஎஸ் வாங்கினேன். மின்சாரம் போனதும் கேம் நடுவில் கணினி பட்டென்று அணைகிறது. யூபிஎஸ் கோளாறா?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: 650 விஏ என்பது 650 வாட் இல்லை. பெரும்பாலும் 360 வாட்தான், உங்கள் பெட்டியில் அட்டையைப் பாருங்கள். கார்டு நொடிக்குள் துள்ளிக் கேட்கும்போது அதைத் தாண்டிவிடும். கேமில் 60 ஃபிரேமுக்கு மேல் போகாமல் பூட்டுங்கள், கார்டின் பவர் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். அப்படியும் அணைந்தால் யூபிஎஸ் தரும் படிப்படியான அலை காரணமாக இருக்கலாம். சில பவர் சப்ளைகள் அதை ஏற்காது, தூய சைன் அலை யூபிஎஸ் தேவைப்படும்.

உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 84 வாட்-மணி. கணக்குப்படி 250 வாட்டுக்கு இருபது நிமிடம், ஆனால் இவ்வளவு வேகமாக இழுத்தால் சின்ன பேட்டரி முழுதையும் தராது, பத்து நிமிடம்கூட வராது. அது சேமித்து அணைக்கத்தான், விளையாட அல்ல. மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்துப் போடுங்கள். உங்கள் ஊர்க் கோடை இடிமழையில் பிளக்கைப் பிடுங்குவதோடு ரவுட்டர் கேபிளையும் கழற்றுங்கள்.

கேள்வி: பொறுத்திருந்தால் விலை இறங்குமா?
(வாசகர், லெனேசியா)

பதில்: 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்றபோது பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. இம்முறை மெமரியை இழுப்பவை செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள், அவை ஒரே நாளில் கடையைக் கட்டப் போவதில்லை. கையில் இருப்பது ஓடினால் ஓட்டுங்கள். எரிந்துபோனால் பழைய 6600 வாங்குங்கள். வாங்கி மாட்டியதும் மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு "புதுக் கார்டு மோசம்" என்று எங்களுக்கு எழுதுபவர்கள் குறைவில்லை.