நீறு பூத்த நெருப்பும் ஊலாங் இலையும்

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகை ஊலாங். கரித்தணலில் வாட்டிய ஊலாங் தேநீர் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: வூயி மலை ஊலாங், கரியில் வாட்டியது என்று போட்டிருந்த பொட்டலம் வாங்கினேன். பிரித்ததுமே விறகடுப்பு வாசனை. இதன் குணமே இதுதானா? – வாசகி, அல்சூர்

இல்லை. விறகுப் புகை வாசனை வந்தால் அது வாட்டியவரின் பிழை. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து வூயி மலையில் ஊலாங்கை வாட்டும்போது கரியை முழுக்கப் பற்றவைத்து, புகையும் சுடரும் அடங்கும்வரை காத்திருந்து, மேலே சாம்பல் போர்த்திவிடுவார்கள். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதேதான். அதன்மேல் மூங்கில் கூடையில் இலையை வைத்து மணிக்கணக்கில் வாட்டுவார்கள். சில நாளோ சில வாரமோ ஆறவிட்டு மறுபடி வாட்டுவதும் உண்டு. இலைக்கு வேண்டியது வெப்பம் மட்டுமே.

அந்த வெப்பத்தில் இலையிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பைரசின் போன்ற பொருள்கள் உண்டாகின்றன. வறுத்த வேர்க்கடலை வாசனையும் காப்பிக்கொட்டை வாசனையும் வருவது இப்படித்தான். கூடவே துவர்ப்பு தணியும், பச்சை ஊலாங்கின் பூவாசம் பின்வாங்கும். புகை வாசனையின் கதை வேறு. அது மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து வரும் குவாயகால் போன்றவற்றால் வருவது. கரி அரைகுறையாக எரிந்திருந்தாலோ, இலைத்தூள் தணலில் விழுந்து கருகினாலோ அது இலையில் ஏறிக்கொள்ளும்.

உங்கள் பொட்டலத்தில் இருப்பது எது என்று பார்க்க, வெந்நீரில் சூடாக்கித் துடைத்த கிண்ணத்தில் உலர்ந்த இலையைப் போட்டு மூடி, அரை நிமிடம் கழித்து முகருங்கள். வறுத்த கடலை, வெல்லப்பாகு வாசனை வந்தால் அது வாட்டல். கண்ணைக் கரிக்கிற மாதிரி, தொண்டையில் கமறுகிற மாதிரி இருந்தால் புகை. புகை தவிர இன்னொரு குறையும் உண்டு, காந்தல், அதாவது இலையே கருகிப்போவது. சாறு கறுப்பாக இறங்கும், ஆனால் வாயில் நிற்காது, சாம்பல் ருசிதான் மிஞ்சும். ஊறிய இலை விரியாமல், விரலில் தேய்த்தால் கரியாய் உதிரும். காந்தலுக்கு மருந்து கிடையாது. வாட்டிய சூடு மட்டும் தூக்கலாக இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றிரண்டு மாதம் வைத்திருங்கள், அடங்கிவிடும்.

கேள்வி: புகை போட்ட சீனத் தேயிலை என்றே ஒன்று உண்டல்லவா? – வாசகர், ஃப்ரேசர் டவுன்

உண்டு, லாப்சாங் சூச்சோங். அதே வூயி மலையின் தோங்மூ பகுதியில் பைன் விறகுப் புகையில் உலர்த்துவது. ஆனால் அது ஊலாங் அல்ல, கறுப்புத் தேயிலை. கடைகளில் இரண்டையும் குழப்பிச் சொல்கிறார்கள். லாங்கன், லிச்சி மரக் கரியில் வாட்டியது என்று பெரிதாய் எழுதியிருந்தாலும் மயங்க வேண்டாம். அவை அடர்த்தியான மரங்கள், தணல் நின்று எரியும், அதுதான் உண்மையான லாபம். முழுக்கக் கரியான மரத்தில் பழவாசம் தேடுவது வீண்.

கேள்வி: மழைக்காலத்தில் நமத்துப்போன ஊலாங்கை மொட்டைமாடியில் கும்முட்டி அடுப்பில் வாட்டலாமா? கொட்டாங்குச்சிக் கரி இருக்கிறது. – வாசகி, ஜெயநகர்

வாட்டலாம், மொட்டைமாடி என்பதால். மூடிய அறையிலோ கண்ணாடி அடைத்த பால்கனியிலோ கரித்தணல் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

கரியாக்காத கொட்டாங்குச்சியைப் போடாதீர்கள், அப்பிக்கொள்ளும் புகை அதுதான். நன்கு கரியானதைப் பற்றவைத்து, கடைசித் துண்டும் சிவந்து புகை அறவே நிற்கும்வரை விடுங்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். பிறகு சலித்த சாம்பலை ஒரு விரற்கடை கனத்துக்குப் போர்த்துங்கள். 100 கிராம் இலையை மூங்கில் தட்டிலோ எவர்சில்வர் சல்லடையிலோ மெல்லிதாகப் பரப்பி, தணலுக்கு ஓர் அடி மேலே நிறுத்துங்கள். சமையல் தெர்மாமீட்டரில் இலை மட்டத்தில் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஏறினால் சாம்பல் சேருங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும். கிளறும்போது தட்டை அடுப்பைவிட்டு நகர்த்திவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: தட்டு தணல்மேல் இருக்கும்போதே கிளறினால் தூள் உள்ளே விழும், ஒரு சிட்டிகை தூளின் புகை மொத்த இலையையும் கெடுக்கும். இழையாக நீண்ட இலைக்கு ஒரு மணி நேரம் போதும். உருண்டையாகச் சுருட்டியதற்கு இரண்டு மணி நேரம் தேவை. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் வெளியே காந்தி உள்ளே ஈரம் நிற்கும். காம்பை ஒடித்தால் படக்கென்று ஒடிவதே பதம். முழுக்க ஆறிய பின்பே டப்பாவில் அடையுங்கள், இரண்டு வாரம் தொடாதீர்கள்.

பூஞ்சை வாசனை இருந்தால் வாட்டிப் பயனில்லை, கொட்டிவிடுங்கள். மசாலா ஏறிய வாணலியில் வாட்டினால் சீரக டீதான் கிடைக்கும்.

கேள்வி: கடையில் குடித்த ருசி வீட்டில் வருவதில்லையே? – வாசகர், மல்லேஸ்வரம்

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். போர்வெல் கடினநீரில் சாறு மங்கும், மேலே ஆடைபோல் படியும். காவிரித் தண்ணீரோ வடிகட்டிய நீரோ எடுங்கள். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். வாட்டிய ஊலாங்குக்கு அந்தச் சூடு முழுக்க வேண்டும், ஆறவிட வேண்டாம். மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தை முதலில் சூடாக்குங்கள். 5 கிராம் இலைக்கு 100 மில்லி நீர். முதல் நீரை உடனே வடித்துக் கொட்டிவிட்டு, அடுத்ததை 15 விநாடியில் இறக்குங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடி கூட்டினால் ஐந்தாறு முறை இறங்கும். மூன்றாவதில்தான் வறுப்பு விலகி இனிப்பு வெளியே வரும். பால் மட்டும் வேண்டாம், அந்த இனிப்பை அது மூடிவிடும்.