கேள்வி மேடை: 57 கிலோவின் கணக்கு

சென்ற இதழில் குத்துச்சண்டை பற்றிய கேள்விகளை அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தே வந்திருந்ததால், இம்முறை அவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறோம்.

ஃபெதர்வெயிட் என்பது சரியாக எத்தனை கிலோ? (வாசகர், தேவிபட்டினம்)

தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதன் உச்சவரம்பு 126 பவுண்டு, அதாவது 57.15 கிலோ. அதற்கு ஒரு படி கீழே 122 பவுண்டுப் பிரிவும், ஒரு படி மேலே 130 பவுண்டுப் பிரிவும் உள்ளன. தமிழில் ‘இறகு எடை’ என்று எழுதுகிறோம். ஆனால் அவ்வெடை வீரர் அணியும் கையுறை 8 அவுன்ஸ், ஏறத்தாழ 227 கிராம்தான் என்பதால், கனத்த கையுறையில் விழுவதைவிட அடி கூர்மையாகவே விழும்.

என் தங்கை மகனுக்கு 19 வயது. விசைப்படகில் வேலை. இரண்டு ஆண்டுகளாகக் குத்துச்சண்டை பழகி, மாவட்ட அளவில் சில போட்டிகளில் வென்றிருக்கிறான். எடை 62 கிலோ. அமெச்சூர் போட்டிகளை விட்டுவிட்டு, நேரே தொழில்முறை ஃபெதர்வெயிட் வீரனாகப் போகிறேன் என்கிறான். தாய்மாமன் என்ற முறையில் நான் என்ன சொல்வது? (வாசகர், தங்கச்சிமடம்)

தாங்கள் அவரைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போதே என்பதை மட்டும் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அமெச்சூர் போட்டி மும்மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகளில் முடிந்துவிடும். தொழில்முறையில் புதியவருக்கு நான்கு சுற்றுகள் தந்து, ஆறு, எட்டு, பத்து என்று ஏற்றி, பட்டப் போட்டியில் பன்னிரண்டு சுற்றுகள் நிற்க வைப்பார்கள். நம் நாட்டில் தொழில்முறைப் போட்டிகள் அடிக்கடி நடப்பதில்லை. இரயில்வேயிலும் காவல்துறையிலும் இராணுவத்திலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைக்கு அமெச்சூர் பதக்கமே கணக்கில் வரும். விஜேந்தர் சிங்கும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று பெயர் பெற்ற பிறகே, 2015-இல் தொழில்முறைக்குப் போனார்.

அடுத்தது எடை. தொழில்முறையில் போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கிறார்கள் என்பதால், பல வீரர்கள் வரம்பைவிடச் சில கிலோ கூடுதலாகவே நடமாடி, கடைசி நாள்களில் உடலின் நீரை வற்றவைத்துத் தராசில் ஏறுகிறார்கள். நீர் வற்றிய உடலோடு தலையில் அடி வாங்குவது மூளைக்கு எத்தகைய ஆபத்து என்பதை மருத்துவர்கள் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். 62-இலிருந்து 57.15-க்கு இறங்குவது ஏறத்தாழ ஐந்து கிலோ. அதில் பெரும்பகுதி மாதக்கணக்கில் உணவு முறையால் குறைய வேண்டுமேயன்றி, பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு உச்சிவெயிலில் பாம்பன் மணலில் ஓடுவதால் குறையக் கூடாது. போட்டி நெருங்கும் வாரத்தில் கருவாட்டையும் ஊறுகாயையும் நிறுத்தச் சொல்லுங்கள். உப்பு உடலில் நீரைப் பிடித்து வைக்கும். 19 வயதில் உடல் இன்னும் தேறும் என்பதால், 130 பவுண்டில், அதாவது 58.97 கிலோவில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். பனாமாவின் யூசெபியோ பெட்ரோசா 1976-இல் 118 பவுண்டுப் பட்டத்துக்குப் போட்டியிட்டு இரண்டாவது சுற்றிலேயே வீழ்ந்தவர். எடை கூடி ஃபெதர்வெயிட்டுக்கு வந்தபின், 1978 முதல் 1985 வரை பட்டத்தை 19 முறை காத்துக்கொண்டார்.

வருமானக் கணக்கைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டுப் பங்கு பிரிப்பதைப் போலத்தான் அங்கும். போட்டித் தொகையில் மேலாளர் மூன்றில் ஒரு பங்கு வரையிலும், பயிற்சியாளர் பத்தில் ஒரு பங்கும் எடுப்பது பல இடங்களில் வழக்கம். மிச்சத்தில்தான் சாப்பாடும் வைத்தியமும். ஆகவே அவர் படகை விட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பெரிய போட்டிக்கு முன் வீரர்கள் மேற்கொள்ளும் எட்டு வாரப் பயிற்சி முகாமுக்கு அளவெடுத்துத் தைத்ததைப் போலவே இருக்கிறது.

மீன்பிடிக் கரையிலிருந்து உலகப் பட்டம் சாத்தியமா என்று அவர் கேட்டால், கானா நாட்டைக் காட்டுங்கள். தலைநகர் அக்ராவின் கடலோர மீனவர் பகுதிகளில் குத்துச்சண்டை தெருவிளையாட்டைப் போல வளர்ந்தது. அந்நாட்டின் முதல் உலகச் சாம்பியனான டேவிட் கோட்டே ஒரு ஃபெதர்வெயிட் வீரர். 1975-இல் மெக்சிகோவின் ரூபன் ஒலிவாரெஸை வென்றார். அவருடைய போட்டிப் பணத்திலிருந்து 45,000 டாலரை அன்றைய அரசு மீன் இறக்குமதிக்காகக் கடனாக வாங்கிக்கொண்டது. நாம் கானாங்கெளுத்தி என்கிறோமே, அந்த இனத்து மீன். அந்தக் கடனுக்காக அவர் பல பத்தாண்டுகள் காத்திருந்தார். அதே அக்ராவின் அசுமா நெல்சன் 1982 ஜூலையில் குறுகிய அவகாசத்தில் அழைக்கப்பட்டு, நியூயார்க்கில் மெக்சிகோவின் சால்வடார் சாஞ்செஸுக்கு எதிராகக் அக்காலத்தில் கடைசிச் சுற்றாக இருந்த 15-ஆவது சுற்று வரை தாக்குப்பிடித்துத் தோற்றார். இரண்டே ஆண்டுகளில், 1984 டிசம்பரில், வில்ஃபிரடோ கோமெஸை அவருடைய சொந்த மண்ணான போர்ட்டோ ரீகோவிலேயே வீழ்த்திப் பட்டம் பெற்றார்.

ஃபெதர்வெயிட் பிரிவில் எல்லாக் காலத்திலும் சிறந்தவர் யார்? (வாசகர், கீழக்கரை)

அமெரிக்காவின் வில்லி பெப் என்பது என் விடை. சாஞ்செஸ் இருந்திருந்தால் போட்டியிருக்கும். நெல்சனை வென்ற மூன்றே வாரத்தில், 23 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். பெப் 1940-இல் தொழிலில் இறங்கி, முதல் 62 போட்டிகளிலும் வென்றார். 1942-இல் 20 வயதில் பட்டம் பெற்றார். 1947 ஜனவரியில் விமான விபத்தில் முதுகெலும்பும் காலும் முறிந்தன. மருத்துவர்கள் கைவிரித்த பின்னும் அதே ஆண்டு ஜூனில் களமிறங்கி வென்றார். மொத்தம் 241 போட்டிகளில் 229 வெற்றி. அவற்றில் 65 மட்டுமே நாக்அவுட். அடிப்பதைவிட அடிபடாமல் இருப்பதையே அவர் கலையாகக் கொண்டிருந்தார். தன்னைவிட உயரமும் வலுவும் கூடிய சாண்டி சாட்லரோடு நான்கு முறை மோதி மூன்றில் தோற்றார். 1949 பிப்ரவரியில் வென்ற அந்த ஒரு போட்டியையே இன்றும் அவருடைய உச்சமாகச் சொல்கிறார்கள். அத்தனை நழுவலுக்குப் பிறகும் முதுமையில் நினைவு தப்பி, 2006-இல் மறைந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பெண்களுக்கும் இப்பிரிவு உண்டா? என் மகள் பள்ளியில் பழகுகிறாள். (வாசகி, மண்டபம்)

உண்டு, அம்மா. அமெச்சூரில் 57 கிலோப் பிரிவில் ஹரியானாவின் ஜாஸ்மின் லம்போரியா 2025-இல் லிவர்பூலில் உலகப் பட்டம் வென்றார். தொழில்முறையில் பெண்களுக்குச் சுற்று ஒன்றுக்கு இரண்டு நிமிடமே வழக்கம். ஃபெதர்வெயிட் பட்டங்கள் அனைத்தையும் 2023 பிப்ரவரியில் தன்வசமாக்கிய போர்ட்டோ ரீகோ வீராங்கனை அமாண்டா செர்ரானோ இதை ஏற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், ஆண்களைப் போலவே மூன்று நிமிடச் சுற்றுகள் பன்னிரண்டு ஆடி வென்றார். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் அதற்கு இசையாததால், அவர்கள் தந்த பட்டத்தை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார்.