செமுலிகியில் கண்ட செம்பழுப்புப் பறவை: எறும்புப் பூங்குருவியா?

உகாண்டாவின் செமுலிகிக் காட்டில் படமெடுத்த பறவை செவ்வால் எறும்புப் பூங்குருவியா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் செவ்வால் எறும்புப் பூங்குருவி அல்ல. அதைப் போலவே தோன்றும் செம்பழுப்பு ஈப்பிடிப்பான் பூங்குருவியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணுயரத்திற்கு மேலிருந்த கிளையில் நிமிர்ந்து அமர்ந்து, வாலை விரித்து விரித்து மூடியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அது ஈப்பிடிப்பானின் வழக்கம்.

குழப்பத்திற்குக் காரணம் நிறம். இரண்டிற்கும் வயிறும் வாலின் வெளியிறகுகளும் செம்பழுப்பு என்பதால், வாலின் நிறத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது.

படத்தைப் பெரிதாக்கி அலகைப் பாருங்கள். குட்டையாக, அடியில் அகன்று தட்டையாக இருந்தால் ஈப்பிடிப்பான். ஒடுங்கி நீண்டிருந்தால் எறும்புப் பூங்குருவி. பின்னது கூச்சம் மிகுந்தது. தரையை ஒட்டிய இருட்டிலேயே திரியும். கிழக்கு ஆப்பிரிக்காவில் சியாஃபு எனப்படும் படையெறும்புகளின் அணிவகுப்பைத் தொடர்ந்து செல்லும்; எறும்பைத் தின்பதைவிட, எறும்புக்கு அஞ்சி ஓடும் பூச்சிகளைப் பிடிப்பதே அதன் நோக்கம். (அந்த அணிவகுப்பைக் கண்டால் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.)

ஆயினும் ஈப்பிடிப்பானும் சில வேளைகளில் தாழ இறங்கும் என்பதால், உயரத்தை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். கென்யக் கடற்கரையின் அரபுகோ சொகோகே காட்டில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே செவ்வால் எறும்புப் பூங்குருவி மட்டுமே உண்டு.