ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை வந்தால் சாப்பிடுவீர்களா? அது ஏன் இன்னும் வரவில்லை?

சாப்பிடுவேன். மாத்திரையோ ஊசியோ ஜெல்லோ, எது முதலில் ஒப்புதல் பெற்று வந்தாலும் சரி.

காரணம் சொல்கிறேன். எங்கள் முதல் குழந்தைக்கு இரண்டு வயதானபோது, அடுத்ததற்கு இன்னும் சில வருடம் போகட்டும் என்று முடிவு செய்தோம். டாக்டர் என் மனைவிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த டப்பாவுக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி அதைக் கட்டிலில் விரித்துவைத்து, தனக்கு வந்த பக்கவிளைவுகளுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலைவலி, குமட்டல், மார்பில் வலி, காரணமில்லாத அழுகை. நான்கு கோடுகள். "குழந்தை நம்ம ரெண்டு பேருக்கும்தானே, இது மட்டும் ஏன் எனக்கு?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் காப்பர் டி வைத்தார்கள். ஒவ்வொரு மாதமும் பத்து நாள் ரத்தப்போக்கு. அதையும் எடுத்தாயிற்று. இதில் நான் செய்யக்கூடியது என்று பார்த்தால் இரண்டே இரண்டுதான்: ஆணுறை, இல்லையென்றால் வாசக்டமி என்ற ஆண்களுக்கான நிரந்தரக் கருத்தடை ஆபரேஷன். இன்னொரு குழந்தை வேண்டும் என்பதால் வாசக்டமி அப்போது முடியாது. ஆணுறையை மட்டும் நம்பும் நூறு ஜோடிகளில், சாதாரணமாகப் பயன்படுத்தும் விதத்தில், வருடத்துக்குச் சுமார் 13 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. 2019-இல் ஐ.நா. எடுத்த கணக்குப்படி கருத்தடை ஆபரேஷனை நம்பியிருந்த பெண்கள் உலகம் முழுக்க சுமார் 21.9 கோடி. வாசக்டமியை நம்பியிருந்தவர்கள் சுமார் 1.6 கோடிதான். இத்தனைக்கும் இரண்டில் சின்ன ஆபரேஷன் வாசக்டமிதான்.

சரி, ஏன் இன்னும் வரவில்லை? வேலை கடினம் என்பது உண்மை. பெண்ணுக்கு மாதம் ஒரு கருமுட்டை. ஆணுக்கு இதயம் ஒருமுறை துடிக்கும் நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் விந்தணுக்கள் உருவாகின்றன. ஒரு மில்லிலிட்டர் விந்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருப்பது சாதாரணம். அதைப் பத்து லட்சத்துக்குக் கீழே இறக்கினால்தான் கருத்தடை என்று நம்ப முடியும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிப்பதால், அந்த உற்பத்தியை நிறுத்தும் எந்த மருந்தும் இன்று எடுத்து நாளை வேலை செய்யாது.

ஆனால் முடியாத காரியம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வில் 320 ஆண்களுக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டார்கள். விந்தணு உற்பத்திக்கு மூளை அனுப்பும் சமிக்ஞையை அந்த ஊசி நிறுத்திவிடும். உடம்புக்குத் தேவையான ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும் கூடவே கொடுத்தார்கள். விந்தணு எண்ணிக்கை இறங்கிய பிறகு ஊசியை மட்டும் நம்பியிருந்த 266 ஜோடிகளில் நான்கு பேருக்குத்தான் கரு தங்கியது. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் அதிகம் என்று பாதுகாப்பைக் கண்காணித்த ஒரு குழு சொன்னதால் 2011-இல் ஊசியை நிறுத்தினார்கள். முடிவுகள் 2016-இல் வெளியானபோது, "ஆம்பளைங்களால தாங்க முடியல, ஓடிட்டாங்க" என்று ஊரே பேசியது. எனக்கு இன்றும் வருத்தம் தருவது அந்தப் பேச்சுதான். அவர்கள் ஓடவில்லை. இந்த ஊசி கிடைத்தால் தொடர்ந்து பயன்படுத்துவோம் என்று நான்கில் மூன்று பேருக்கு மேல் சொன்னார்கள்.

மனச்சோர்வு சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆய்வில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஆய்வாளர்கள் கருதினாலும், கவனமாகத்தான் இருக்க வேண்டும். என் வாதம் எடைபோடும் முறையைப் பற்றியது. பெண்ணின் மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. கர்ப்பத்தில் அந்த ஆபத்து இன்னும் அதிகம் என்பதால் அதை ஏற்றுக்கொள்கிறோம். ஆணுக்குக் கர்ப்பம் இல்லை. அதனால் அவன் மருந்தில் முகப்பரு வந்தால்கூடத் தராசின் மறுதட்டில் வைக்க ஒன்றும் இருப்பதில்லை. அந்த மறுதட்டில் அவன் துணைவியின் உடம்பை வைக்க வேண்டும். அவள் விடுகிற மாத்திரை, அவளுக்கு வராமல் போகிற ரத்தப்போக்கு, அவள் விரும்பாத கர்ப்பம், எல்லாம் கணக்கில் வரட்டும். ஆபத்தை இருவருக்கும் பொதுவாகப் பார்க்கும் இந்த யோசனையை ஆய்வாளர்களே முன்வைக்கிறார்கள். ஒப்புதல் கொடுக்கும் அமைப்புகள் இதை ஏற்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பணமும் ஒரு தடை. பெரிய மருந்து கம்பெனிகள் 2000-களின் நடுவிலேயே விலகிவிட்டன. இப்போது இதைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் அரசு ஆய்வு நிறுவனங்களும் சின்ன கம்பெனிகளும்தான். விந்தணு உற்பத்தியை அடக்கும் நெஸ்டோரோன் என்ற ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனும் கலந்த, தினமும் தோளில் தடவும் ஜெல்லை நானூறுக்கும் மேற்பட்ட ஜோடிகளிடம் சோதித்திருக்கிறார்கள். 15 வாரத்தில் 86 சதவீத ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை தேவையான அளவுக்கு இறங்கியதாக 2024-இல் சொன்னார்கள். ஒய்சிடி-529 என்ற ஹார்மோன் இல்லாத மாத்திரை 16 ஆண்களிடம் முதல் கட்டப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டது. காரக்பூர் ஐஐடியின் சுஜோய் குஹா 1970-களில் தொடங்கிய, விந்தணு வரும் குழாயில் போடும் ரிசக் என்ற ஊசி, 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில் 99 சதவீதப் பலன் தந்தது. முடிவு வந்த வருடம் 2023.

"ஆண் மாத்திரை போட்டேன் என்றால் பெண் எப்படி நம்புவது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முன்பின் தெரியாதவர்களுக்கு இது சரிப்படாது. நோய்த்தொற்றைத் தடுக்க அங்கே ஆணுறைதான் வேண்டும். நான் பேசுவது ஒரே வீட்டில், ஒரே அலமாரியில் மாத்திரை வைத்திருப்பவர்களைப் பற்றி. அந்த அட்டையில் இன்றைய மாத்திரை இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

எனக்குத் தலைவலியோ மனச்சோர்வோ வந்தால் டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிட்டு வேறு ஒன்றுக்கு மாறுவேன். அவள் இரண்டு முறை அதைத்தானே செய்தாள். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வாசக்டமி செய்துகொள்வது என்று முடிவெடுத்தாயிற்று. அதுவரை ஆணுறைதான்.