கலைக்குப் பணம் சேர்க்கக் கம்பெனி ஆரம்பித்தால், கம்பெனியே கலையை விழுங்கிவிடாதா?

விழுங்கும். முதல் இரண்டு வருடம் எனக்கு அதுதான் நடந்தது.

காரைக்குடிக்காரன், ஓவியம் படித்தவன். பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் செய்யும் தரைக்கல்லுக்கு (டைல்ஸ்) புது டிசைன் வரைந்து, அங்கே ஒரு பட்டறையில் செய்து வாங்கி விற்கிறேன். அந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். சூளையே கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் ஊறித்தான் இறுகும். அதுவரை டிசைன் குப்புறக் கிடக்கும். கண்ணாடி கழன்ற பிறகுதான் நான் வரைந்தது எப்படி வந்திருக்கிறது என்று எனக்கே தெரியும்.

லாபம் வந்தால் அதை வைத்துப் படம் வரைவது, நாலு கலைஞர்களுக்கும் கொடுப்பது என்பதுதான் திட்டம். லாபம் வந்தது. வந்த சுவடு தெரியாமல் புது அச்சுக்கும் லாரி வாடகைக்கும் போனது. இரண்டு வருடத்தில் வரைந்த படம் மூன்று.

அப்பா ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். என் நோட்டைப் புரட்டிவிட்டு, "மகமை எங்கப்பா?" என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வியாபாரத்தில் கோயிலுக்கும் தர்மத்துக்கும் என்று ஒதுக்கும் பங்குதான் மகமை. "மிச்சம் இருந்தாக் குடுக்கலாம்னா மிஞ்சவே மிஞ்சாது. கூலி மாதிரி அதையும் செலவுல எழுது" என்றார்.

இப்போது 100 ரூபாய் வந்தால் 5 ரூபாய் அன்றைக்கே தனி வங்கிக் கணக்குக்குப் போய்விடும். பாதி என் கேன்வாஸுக்கும் வண்ணத்துக்கும், பாதி மற்றவர்களுக்கு. போன வருடம் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னும் ஓர் அக்காவுக்கு மூன்று மாதக் கூலி கொடுத்தோம், ஆர்டர் எதுவும் இல்லாமல் அவர் இஷ்டத்துக்குப் பின்னிப் பார்க்க. செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சரி, புதுசாக ஒன்றைப் பின்னிப் பார்த்து, சரியில்லை என்று பிரித்துப் போடும் நாட்களுக்கு யார் கூலி தருவது?

பதிவு செய்வது பற்றி: 'பிரிவு 8' கம்பெனி என்றால் லாபத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. என் மைத்துனரும் பணம் போட்டிருந்ததால் அது ஒத்துவரவில்லை. லாபத்தைக் கூட்டாளிகள் பிரித்துக்கொள்ளக்கூடிய எல்.எல்.பி.யாக (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) பதிந்து, மகமை விகிதத்தைக் கூட்டாளிகளின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். எழுதாமல் விட்டிருந்தால் முதல் மந்தத்திலேயே நானே அதில் கைவைத்திருப்பேன்.

இன்னொன்று. மகமையைப் பில் போட்ட அன்று எடுக்காதீர்கள், பணம் கைக்கு வந்த அன்று எடுங்கள். ஒரு ஹோட்டல்காரர் தரை முழுக்க எங்கள் கல்லைப் பதித்துவிட்டு எட்டு மாதம் இழுத்தடித்தார். வராத பணத்துக்கும் மகமை எடுத்துவிட்டு, பட்டறைக்காரர்களுக்குக் கூலி கொடுக்கக் கடன் வாங்கினேன்.

நேரத்தை மட்டும் இது காப்பாற்றவில்லை. இப்போதும் மாதத்தில் பாதி நாள் பில், லாரி, உடைந்த கல் பஞ்சாயத்து. போன வருடம் வரைந்தது ஏழு படம்.